மதிலோரத்து இரண்டாவது குழி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து. ஆறாவது என் புருஷனுடைய தங்கச்சி மகன். தாய்க்காரி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது என் கையில் விட்டுப் போனவன். ஆறு பேருக்கும் வயிற்றை நிரப்பினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன், ஒருவரையும் அடுத்தவர் வாசலில் நிற்க விடவில்லை.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவதை வாசித்துவிட்டு, கிழவிக்கு வேறு வேலை இல்லை, ஆறடி மண்ணுக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று சிலர் பேசுவார்கள். வேலை எல்லாம் முடித்தவள்தான் நான். மிச்சம் இருப்பது அந்த ஆறடிதான்.

கயிறு

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்குக் கொஞ்சம் முந்திய ஒரு காலை. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் ஊர் மயானம் புசல்லாவைக்குப் போகும் பெரிய ரோட்டுக்கு மேலே, ஒரு சரிவில் இருக்கிறது. நனைந்த புல்லில் கால் வழுக்கியது. செருப்பில் சிவப்பு மண் அப்பிக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் குடையை ஊன்றி, நின்று நின்று மேலே ஏறினேன்.

மேலே மூன்று பெரிய மனிதர்கள் நின்றார்கள். ஒருவர் பிரதேச சபையில் இருந்து வந்த ஐயா, சிங்களவர், மரியாதையான ஆள். இன்னொருவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் முதலாளி. மூன்றாமவர் எங்கள் மாதா கோயில் கமிட்டிச் செயலாளர் சேவியர் மாஸ்டர், படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேசன் பாஸ் ஒருவர் முளை அடித்து மஞ்சள் நைலான் கயிறு இழுத்துக் கட்டினார். மதில் கட்டப் போகிறார்கள். இந்த ஆட்களுக்கு இந்தப் பக்கம், அந்த ஆட்களுக்கு அந்தப் பக்கம்.

கயிறு மேலே வெள்ளைப் பூ அரலிய மரத்தடியில் தொடங்கி, நேராக ரோட்டை நோக்கி இறங்கியது. இறங்கும் வழியில் என் புருஷனுடைய வலது தோளுக்கு மேலே போனது.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. கல்லில் வெட்டியிருக்கிறது, தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். கண்டி மார்க்கெட்டில் லொறியில் வரும் மூட்டைகளை இறக்குகிற நாட்டாமை வேலை பார்த்தவர். வலது தோளில்தான் மூட்டை ஏற்றுவார். அங்கே உள்ளங்கை அளவுக்குத் தோல் தடித்து, மாட்டுக் கழுத்து மாதிரி இருக்கும். கிழங்கு மூட்டை, வெங்காய மூட்டை, சீனி மூட்டை எல்லாம் ஏறி இறங்கிய தோள் அது. செத்த பிறகாவது அதன் மேல் ஒன்றும் ஏறாது என்று நினைத்திருந்தேன்.

நான் குடைக் காம்பால் கயிற்றைத் தூக்கி, அவர் கல்லறைக் கட்டுக்கு வெளியே போட்டேன்.

"இது யாரோட தோளுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

மேசன் பாஸ் சிரித்துவிட்டு முடிச்சைத் தளர்த்தினார். சபை ஐயா, கொஞ்சம் தள்ளிப் போடலாம் அம்மே, பிரச்சினை இல்லை என்றார். ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள்.

அந்த ஒரு சாண், நான் எனக்கென்று வைத்திருந்த இடத்தின் தலைமாட்டில் விழுந்தது.

"அங்க நான் படுக்கணும் மாஸ்டர். பழைய பாதர் சொன்ன எடம்."

சேவியர் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிப்பித்தவர்களுக்கு இது ஒரு பழக்கம்.

"பாதர் வாயால சொன்னதுக்கு நாங்க என்ன செய்றது அந்தோணியம்மா? மதில் ஓரமா குழி வெட்டினா அத்திவாரம் ஆடும். அங்க யாரையும் வைக்கிறதில்ல. மத்த எடத்துல செத்த வரிசைப்படி. எடம் புடிச்சு வைக்க இது பஸ் சீட்டு இல்ல. எனக்கும் அதே சட்டம்தான்."

கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பிறகு தேவைப்படும்.

காம்பராவில் நாங்கள் படுத்த விதம்

நான் வேதக்காரக் குடும்பம். அவர் சைவம். ஒரே தேயிலைத் தோட்டம்தான், ஆனால் நான் மேல் டிவிசன், அவர் கீழ் டிவிசன். எங்கள் வீட்டில் அவரை ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்கள். அவர் வீட்டில் என்னைச் சிலுவையைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு பேரும் மாட்டோம் என்றோம். கம்பளைக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே ஊர் திரும்பினோம். மாலையும் இல்லை, மோதிரமும் இல்லை.

பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மாதா கோயில் வரைக்கும் வருவார். பூசை முடியுமட்டும் வெளியே மரத்தடியில் நிற்பார். ஒரு நாளும் உள்ளே வரவில்லை, ஒரு நாளும் வராமலும் இருக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் அவர் தீ மிதித்துவிட்டு வந்தால் நான் கால் கழுவி விடுவேன். பெண் பிள்ளைகளை நான் கூட்டிப் போனேன், பையன்களை அவர் கூட்டிப் போனார். சாகும்வரை அவர் என்னைப் பார்த்து மாறு என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அறைதான். அடுப்பும் அதற்குள்தான். நெட்டுக்குப் படுத்தால் எல்லோருக்கும் இடம் போதாது. அதனால் அவர் சுவர் ஓரமாக, தெற்கே தலை வைத்துப் படுப்பார். நான் குறுக்கே படுப்பேன், என் தலை அவர் வலது தோளுக்குக் கிட்டே வரும்படி. என் கால்மாட்டில் பெரிய பிள்ளைகள். என் தலைக்கும் அவர் தோளுக்கும் நடுவில் எந்தக் காலமும் ஒரு கைப்பிள்ளை கிடக்கும். டவுனுக்கு வந்து, வாடகை வீட்டில் கட்டில் வாங்கிப் போட்ட பிறகும் எனக்கு நேராகப் படுத்தால் தூக்கம் வந்ததில்லை.

அவர் செத்த அன்று, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எனக்கு இந்த யோசனைதான் வந்தது.

சைவ ஆட்களைத் தெற்கே தலை வைத்துப் புதைப்பார்கள். எங்கள் ஆட்களை மேற்கே தலை, கிழக்கே கால். எங்கள் மயானத்தில் மேற்குப் பக்கம் அவர்களுடையது, கிழக்குப் பக்கம் எங்களுடையது. நடுவில் ஒரு குரோட்டன் வேலி, அவ்வளவுதான். அவரை அந்த வேலி ஓரமாக வைத்துவிட்டு, என்னை வேலிக்கு இந்தப் பக்கம் வைத்தால், அவர் அவருடைய முறைப்படி கிடப்பார், நான் என்னுடைய முறைப்படி கிடப்பேன். என் தலை அவர் வலது தோளுக்குக் கிட்டே வரும். காம்பராவில் படுத்த மாதிரியே.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். பழைய பாதரிடம் சொன்னபோது அவர், சரி அந்தோணியம்மா, அந்த இடம் உனக்குத்தான் என்றார். முதலாளியும் அன்றைக்கு மறுக்கவில்லை. வேலி ஓரத்தையே தந்தார்.

ஒரே குழாய், ஒரே கொட்டகை

வெளியூர் ஆட்களுக்காக இதையும் சொல்லவேண்டும்.

எங்கள் மேட்டில் கீழே ரோட்டோரமாகச் சிங்கள ஆட்கள். அதற்கு மேலே பக்கம் பக்கமாக நாங்களும் மாரியம்மன் கோயில் ஆட்களும். எல்லாவற்றுக்கும் மேலே முஸ்லிம் ஆட்களின் மையவாடி, அதற்குப் பள்ளிவாசல் எடுத்த மதில் பழைய காலத்தில் இருந்தே உண்டு. மற்ற நிலம் சபையுடையது. பார்த்துக்கொள்வது அந்தந்தக் கமிட்டி.

மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. எந்த மதத்துப் பெட்டி வந்தாலும் அங்கே இருக்கும் கல் மேசையில் இறக்கி வைத்து, தூக்கியவர்கள் தோள் மாற்றுவார்கள். தண்ணீருக்கு ஒரே குழாய். எங்கள் ஆட்கள் பூவுக்குத் தண்ணீர் பிடிப்பதும் அங்கே, அவர்கள் குடம் நிரப்புவதும் அங்கே. கோயில் ஆட்களின் சாவுக்குத் தப்பு அடித்துக்கொண்டு வரும்போது எங்கள் பக்கத்தில் அடக்கம் நடந்தால், வளைவில் தப்பை நிறுத்திவிட்டு நிற்பார்கள். பாதர் ஆமென் சொன்ன பிறகு மறுபடி அடிப்பார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தெரியும், அவ்வளவுதான்.

இப்போது மதில் வந்த பிறகு குழாய் அந்தப் பக்கம் போய்விட்டது, கொட்டகை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மழை பெய்தால் கோயில் ஆட்களின் பிணம் நனைகிறது. வெயில் அடித்தால் எங்கள் பூ வாடுகிறது. இரண்டு கமிட்டிக்கும் இதுதான் வெற்றி.

துணி வியாபாரம் செய்யும் பௌசியா எனக்குப் பல வருசப் பழக்கம். மதில் கதையை அவளிடம் சொல்லி நான் வயிறெரிந்தபோது, சேலை மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒங்களுக்கு இப்பதான் மதில் வருது அக்கா. எங்களுக்கு எப்பவும் இருந்திச்சு. எங்கட நாநாவக் கொண்டுபோய் எரிச்ச நேரம் அந்த மதிலால என்ன செய்ய ஏலுமாயிருந்திச்சு?"

அந்தக் கொரோனா நோய்க் காலத்தைச் சொல்கிறாள். அப்போது நோயில் செத்தவர்களை எந்த மதம் என்று பார்க்காமல் எல்லோரையும் எரித்தார்களே, அதில் அவள் அண்ணனும் போனார். முகம் காட்டவில்லை. புதைக்கத் தரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு ஒரே அடுப்பில் எரிந்தவர்களுடைய ஊரில்தான் இன்றைக்கு மண்ணுக்கு மதில் கேட்கிறார்கள்.

சிலுவை நட்ட இடம்

சண்டை எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

நவம்பரில் எங்களுக்குக் கல்லறைத் திருநாள். எல்லாக் கல்லறையையும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்துவோம். நான் என் அம்மாவுக்குக் கொளுத்துவேன், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய் அவருக்கும் கொளுத்துவேன். என் பழைய செபமாலை ஒன்றையும் அவர் கல்லில் சுற்றி வைத்திருந்தேன். அவர் மாறவேண்டும் என்று இல்லை. என்னுடைய பொருள் ஒன்று அவரிடம் இருக்கட்டும் என்று. அது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கயிறு கட்டிய அந்த வருசம் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் மாதா கோயில் இளைஞர்கள் சிரமதானமாகத் துப்புரவு செய்ய வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் பாதிப் பேர் கொழும்பில் வேலை பார்க்கிறவர்கள், எந்தக் கல்லறை யாருடையது என்று தெரியாது. குரோட்டன் வேலி காடாகிக் கிடந்தது. அதை ஒரே வெட்டாக வெட்டிச் சாய்த்தார்கள். வேலி போனதும் எல்லை போனது. அவர் கல்லறைக் கட்டின் மேல் மெழுகு வடிந்திருக்கிறது, கல்லில் செபமாலை தொங்குகிறது. நம்முடைய ஆள்தான், பாவம் கவனிக்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். கல்லில் உள்ள பெயரைக் குனிந்து வாசிக்கவில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளை அடித்து, ஒரு மரச் சிலுவையும் நட்டுவிட்டார்கள்.

அதையும் கால்மாட்டில் நட்டார்கள். எந்தப் பக்கம் தலை என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

நான் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உயிரோடு இருக்கும்போது பாதர் மூன்று பேர் முயன்று நடக்காதது, ஒரு வாளிச் சுண்ணாம்பில் நடந்துவிட்டதே என்று. நானே சிலுவையைப் பிடுங்கி என் அம்மா கல்லறைக்குக் கொண்டு போயிருப்பேன். அதற்குள் கோயில் ஆட்கள் யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். மாலையாகும்போது டவுன் முழுக்கப் படம் போய்விட்டது. செத்தவனையும் மதம் மாற்றுகிறார்கள் என்று பேச்சு. சிலுவையைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்கள் என்று இந்தப் பக்கத்திலும் பேச்சு.

இரண்டு பக்கத்தாரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பெண்சாதி உயிரோடு இருக்கிறாள், ரோட்டோரத்தில் இடியப்பம் விற்கிறாள், அவளிடம் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கமிட்டி கமிட்டியாகக் கூடி, சபைக்கு ஆளுக்கொரு மனு எழுதினார்கள். வாழ்நாளில் ஒரு காரியத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கமிட்டியும் மதில் வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். சீமெந்தை முதலாளி இலவசமாகத் தந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க நன்கொடைத் தாள் நீட்டினால் யோசிக்கிற மனிதர்.

இரண்டு பேரும் கேட்டார்கள்

கயிறு கட்டிய அடுத்த நாள் நான் முதலாளி கடைக்குப் போனேன். கதிரை இழுத்துப் போட்டு, பிளேன் டீ வரவழைத்துத் தந்தார். மரியாதையில் குறை இல்லை.

அவர் பக்கத்தில் படுக்கத்தானே ஆசை, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம், அவருக்கு அடுத்த இடத்தை ஒதுக்கித் தருவாராம். நெற்றியில் திருநீறு, ஒரு தேவாரம், அவ்வளவுதான், மற்றதைக் கோயில் பார்த்துக்கொள்ளும்.

"அம்பது வருசம் அவரு கேக்காதத நீங்க கேக்குறீங்க மொதலாளி," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கோபத்தில் போனதாக நினைப்பார்.

பிறகு புதுப் பாதரிடம் போனேன். சின்ன வயது, தூரத்து ஊர், எங்கள் கதை தெரியாது. கேட்டுவிட்டு, ஐயாவுக்குக் கடைசி நேரத்திலாவது ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்காதே அம்மா, இரண்டு பேரும் ஒரே பக்கம் கிடக்கலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு வந்துவிட்டேன்.

ஒரு பக்கம் நான் மாறினால் இடம். மறுபக்கம் அவர் மாறியிருந்தால் இடம். இருக்கிறபடியே இருக்கிற இரண்டு பேருக்கு இந்த ஊரில் இடம் இல்லை.

கண்ணாடித் துண்டு

மதில் எழும்பியது. ஆள் உயரம். மேலே உடைந்த போத்தல் துண்டுகளைப் பதித்தார்கள். யார் ஏறிக் குதித்து யாரிடம் எதைத் திருடப் போகிறார்கள் என்று மேசன் பாஸிடம் கேட்டேன். சொன்னதைச் செய்கிறேன் அம்மா என்றார்.

கோயில் பக்கத்துக்கு வேறு கேட் வைத்துவிட்டார்கள். அதற்குப் போக டவுனைச் சுற்றி, தேயிலைத் தொழிற்சாலை ரோட்டால் ஏறவேண்டும். என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. த்ரீவீலில் போகலாம், கேட் பூட்டியிருந்தால் திறப்புச் சாவி வாங்க முதலாளி கடைக்குத்தான் போகவேண்டும். போகமாட்டேன்.

அதனால் அடுத்த கல்லறைத் திருநாளில் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லைப் போட்டு அதில் ஏறி நின்று, மதில் உச்சியில், இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் மெழுகுதிரியை வைத்தேன். விரல் கிழிந்தது. காற்றுக்கு அது நிற்கவும் இல்லை.

முதல் ஆள்

போன பெரு மழையில் எங்கள் பக்கத்தின் கீழ்ச் சரிவு சரிந்துவிட்டது. இரண்டு வரிசைக் கல்லறை மண்ணோடு, கீழே சிங்கள ஆட்களின் பக்கத்தையும் தாண்டி, ரோட்டுக்கு வந்தது. சபை ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இனிக் கீழே வெட்டக்கூடாது என்றார்கள். எங்கள் கமிட்டி கூடியது. மேலே எங்கே இடம் என்று தேடினார்கள். மதில் ஓரம் மட்டும்தான் வெறுமையாகக் கிடந்தது. இன்னொரு மேசன் பாஸைக் கூட்டி வந்து காட்டினார்கள். அத்திவாரம் ஆழமாகத்தான் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆடாது என்றார் அவர்.

அப்படியானால் என் இடத்துக்கு என்ன குறை இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் சேவியர் மாஸ்டர். அவர் அப்போது கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மதில் ஓரத்தில் வரிசை தொடங்கியது. மேலே அரலிய மரத்தடியில் வேர் ஓடுவதால் கொஞ்சம் இடம் விட்டார்கள். விட்ட பிறகு முதல் குழி எங்கே விழுந்தது தெரியுமா? என் புருஷனுடைய வலது தோளுக்கு நேரே.

அந்தக் குழிக்கு முதல் ஆளாக வந்தவர் சேவியர் மாஸ்டர்.

நான் அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்கமாட்டேன், என் மகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். பெட்டியை இறக்கும்போது கூட்டத்தோடு நின்று பார்த்தேன். மேற்கே தலை, கிழக்கே கால். அவர் தலை மதிலை ஒட்டி வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என் புருஷன் தோள். நான் படுக்கவேண்டிய மாதிரியே மாஸ்டர் படுத்தார்.

அவர் கேட்டு வாங்கிய இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். செத்த வரிசைப்படி வந்தது. எனக்கும் அதே சட்டம்தான் என்று சொன்னார், சொன்னபடி நடந்துகொண்டார். இதற்கு நான் அவரை எப்படி ஏசுவது? மண் போடச் சொன்னார்கள். ஒரு பிடி போட்டேன். மனதில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

இப்போது மாஸ்டருக்கு மார்பிள் கட்டிவிட்டார்கள். மதிலில் நான் வைக்கும் மெழுகுதிரி அவர் தலைமாட்டில் வடிகிறதாம், கறை போகவில்லையாம். மாஸ்டரின் சம்சாரம் ஆள் அனுப்பிச் சொன்னாள். வைப்பதை நிறுத்திவிட்டேன். புருஷனை இழந்தவளோடு எனக்கு வழக்கு இல்லை.

தெரேசாவுக்குக் கஞ்சி

ஆனால் ஒன்று இருக்கிறது.

என் புருஷன் ஆறடி ஆள். மதிலை ஒட்டி நெட்டுக்குக் கிடக்கிறார். எங்கள் பக்கத்தில் குறுக்கே வெட்டுகிற குழி ஒன்றுக்கு மூன்றடி. அப்படிப் பார்த்தால் அவருக்கு எதிரே இரண்டு குழிக்கு இடம் உண்டு. தோள் பக்கம் மாஸ்டர் எடுத்துக்கொண்டார். முழங்கால் பக்கம் இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்றாவது குழி அவரைத் தாண்டிப் போய்விடும்.

அந்த இரண்டாவது குழி, எங்கள் மாதா கோயில் பங்கில் அடுத்துச் சாகிற ஆளுக்கு.

புதுச் செயலாளர் நல்ல பையன். ஆச்சி ஒரு வார்த்தை கேட்டால் கமிட்டியில் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினான். கேட்டால் தருவார்கள். தந்துவிட்டு, நாங்கள்தான் தந்தோம் என்று என் அடக்கத்தில் ஒருவர் எழுந்து பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியாது. மாஸ்டர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார், நானும் கட்டுப்படுகிறேன்.

அதனால் என்ன செய்கிறேன் என்றால், எங்கள் பங்கில் உள்ள வயதானவர்கள் எல்லோரும் நூறு வயது வாழவேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். இப்படி உருகி நான் யாருக்காகவும் வேண்டினதில்லை. யாருக்காவது இருமல் என்று கேள்விப்பட்டால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்புகிறேன். பாதர் ஒரு நாள் பிரசங்கத்தில் என்னைப் புகழ்ந்தும் விட்டார்.

தெரேசாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். என்னை விட மூத்தவள். ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள் நாங்கள். இழுப்பு நோய். குளிர் வந்தால் அவள் நெஞ்சு விசில் அடிப்பது வாசலுக்குக் கேட்கும். போன கிழமை கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கஞ்சி எனக்கா, ஒன் புருசனுக்கா?"

"ஒனக்குத்தான். ஆறிப் போகுது, குடி."

"எனக்குத் தெரியாதாடி? நான் முந்திப் போனா அந்த ஆளு முழங்காலுகிட்ட நான் கெடக்கணும். ஒன் மக கல்யாணத்துல எனக்கு எல போடாம தாண்டிப் போன மனுசன். எனக்கு மட்டும் அது ஆசையா?"

"அப்ப போகாத."

"போகாம இருக்கறது என் கையிலயாடி இருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த மூச்சு திரும்பி வரும்வரைக்கும் என் மூச்சும் நின்றது. அது அவளுக்காகவா, குழிக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள். என் தோழியின் முதுகைத் தடவும்போது இப்படி ஒரு யோசனை எனக்குள் வரும்படி செய்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மதிலைக்கூட மன்னித்துவிடுவேன்.

எனக்குச் சாக அவசரம் இல்லை. காலையில் எழுந்து இடியப்பம் பிழிகிறேன், பிழியக் கையில் பலம் இருக்கிறது. அந்த இடம் கிடைத்தால் நல்லது. அவருக்கும் எனக்கும் நடுவில் லயத்தில் பிள்ளைகள் கிடந்தார்கள். இங்கே மதில் கிடந்துவிட்டுப் போகட்டும். கிடைக்காவிட்டால், வரிசையில் எந்தக் குழி வருகிறதோ அதில் என் பெயரோடு, என் சிலுவையோடு படுத்துக்கொள்வேன். அவர் எனக்காக மாறவில்லை, நான் அவருக்காக மாறவில்லை. செத்த பிறகு முதலாளிக்காகவா மாறுவேன்?

மாதா கோயில் மணி இங்கே நன்றாகக் கேட்கும். பூசை மணி வேறு, துக்க மணி வேறு. துக்க மணி விட்டு விட்டு அடிக்கும். இப்போதெல்லாம் மணிச் சத்தம் கேட்டால் என் கை தானாக நிற்கிறது, விட்டு அடிக்கிறதா, தொடர்ந்து அடிக்கிறதா என்று.

போதும் ஷாமினி. எழுதினதை முதலில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டு. உன் அம்மாயி நான் சொன்னதை எங்கேயாவது இனிப்பாக்கி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், அழித்துவிட்டுச் சொன்னபடி எழுது. மெதுவாக வாசி. நடுவில் துக்க மணி அடித்தால் நிறுத்து. யார் என்று கேட்டுக்கொண்டு வா, பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.